மௌனத்தைச் சோதிக்கும் விளக்குகள்: குரல்வழி எச்சரிக்கை அமைப்பில் பழுதுகாட்டியின் வரலாறு

அன்றாடம் இயங்கும் கருவி பழுதுபட்டால் அதைப் பயன்படுத்துவோர் அன்றே அறிந்துகொள்கின்றனர். தீ எச்சரிக்கைக் கருவியின் நிலை வேறு. அது தன் வாழ்நாளின் பெரும்பகுதியை வாய்திறவாமலே கழிக்கிறது. ஆகவே அதன் அமைதி நலத்தின் அடையாளமா, செயலிழப்பின் அடையாளமா என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர் பிரித்தறிய இயலாது. ஆண்டுக்கணக்கில் பேசாதிருந்த ஒலிபெருக்கி தேவைப்படும் அந்த ஒரு நிமிடத்தில் பேசுமா என்ற கேள்விக்கு, அந்த நிமிடம் வருவதற்கு முன்பே விடை கிடைத்தாக வேண்டும். கட்டுப்பாட்டுப் பலகையில் எரியும் சிறிய மஞ்சள் விளக்கு, அந்த விடையைப் பெறுவதற்காக ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு நடந்த முயற்சியின் பயனாகும்.

குரல்வழி எச்சரிக்கை அமைப்பு என்பது, தீ கண்டறியும் கருவிகளிடமிருந்து செய்தி பெற்று, மணியோசைக்குப் பதிலாகவோ அதனுடன் சேர்த்தோ, என்ன நேர்ந்தது, எந்த வழியாக வெளியேற வேண்டும் என்பதை மனிதக் குரலில் அறிவிக்கும் ஏற்பாடு. முன்பதிவு செய்த அறிவிப்புகளைத் தானாக ஒலிக்கவும், பொறுப்பாளர் ஒருவர் நேரடியாகப் பேசவும் அதில் வழி உண்டு. ஒலிவாங்கி, அறிவிப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் நினைவகம், குரலை வலுப்படுத்தும் ஆம்ப்ளிஃபயர், கட்டடம் முழுவதும் ஓடும் கம்பிகள், அவற்றின் வழியே இணைந்த ஒலிபெருக்கிகள், இவை அனைத்துக்கும் மின்சாரம் தரும் வழங்கியும் பேட்டரியும் என அதன் உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்பதால், ஏதேனும் ஓரிடத்தில் தொடர்பு அறுந்தாலும் இறுதியில் ஏதேனும் ஒரு தளத்தில் குரல் கேட்காமல் போகும். அத்தகைய அறுபடலைத் தேடிக் கண்டு முன்கூட்டியே அறிவிக்கும் ஏற்பாடே பழுதுகாட்டி.

மூடிய சுற்று தந்த பாடம்

தன் பழுதைத் தானே அறிவிக்கும் எச்சரிக்கைக் கருவி என்ற எண்ணம் குரல்வழி அமைப்புகளுக்கு மிக முந்தையது. மருத்துவம் பயின்ற வில்லியம் சானிங்கும் மின்னியல் கண்டுபிடிப்பாளர் மோசஸ் ஃபார்மரும் உருவாக்கிய தந்தித் தீ எச்சரிக்கை அமைப்பு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1852இல் செயல்படத் தொடங்கியது. தெருக்களில் பொருத்தப்பட்ட பெட்டிகளில் ஒன்றை இயக்கினால் அப்பெட்டியின் எண் தந்திக் குறிகளாக மைய அலுவலகத்துக்குச் சென்றது. அங்கிருந்து நகரின் மணிகள் ஒலிக்கப்பட்டன. 1850களில் இதன் உரிமைகளை வாங்கிய ஜான் கேம்வெல்லின் நிறுவனம், அடுத்த பல பத்தாண்டுகளில் அமெரிக்க நகரங்கள் பலவற்றுக்கும் இம்முறையைக் கொண்டுசென்றது.

இவ்வமைப்புகள் வளர்ந்து நிலைபெற்ற வடிவத்தில், வரலாற்று நோக்கில் முதன்மையானது அவற்றின் மின்சுற்று எப்போதும் மூடியே வைக்கப்பட்டது என்பதுதான். பெட்டிகளை இணைக்கும் கம்பி வளையத்தில் ஏறத்தாழ 100 மில்லியாம்பியர் அளவுள்ள சிறு மின்னோட்டம் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி இயங்கும்போது அந்த ஓட்டத்தைக் குறித்த முறையில் துண்டித்துத் துண்டித்துச் செய்தியை அனுப்பியது. சுற்று திறந்தே இருந்து, தீ ஏற்படும்போது மட்டும் மூடப்படுவதாக வைத்திருந்தால் பேட்டரியின் செலவு குறைந்திருக்கும். ஆனால் புயலில் கம்பி அறுந்தால் அதை எவரும் அறிய இயலாது. மூடிய சுற்றில் கம்பி அறுந்த அக்கணமே மின்னோட்டம் நின்றுவிடுவதால், மைய அலுவலகத்தில் இருப்பவருக்குச் செய்தி உடனே போய்ச் சேர்ந்தது. இதே அறிவு, 1872இல் வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற ரயில் தண்டவாளச் சுற்றிலும் செயல்பட்டது. தண்டவாளம் முறிந்தாலோ மின்சாரம் நின்றாலோ சைகை தானாகவே ஆபத்தைக் காட்டும்படி அது அமைந்தது. ஓய்ந்திருக்கும் கருவியில் மின்னோட்டம் ஓய்வதில்லை என்ற நிலையில்தான் அதன் அமைதியை நம்ப முடியும் என்பது இந்த இரண்டு ஏற்பாடுகளும் தந்த பாடம்.

பழுது உண்டு என்று அறிவது ஒரு பணி. அது எங்கே உள்ளது என்று கண்டுபிடிப்பது வேறொரு பணி. இரண்டாவதற்கான முறைகளும் தந்தித் துறையிலேயே தோன்றின. சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி 1833இல் வகுத்து, சார்லஸ் வீட்ஸ்டன் 1843இல் பரவலாக்கிய மின்தடைப் பாலம், தெரியாத மின்தடையைத் தெரிந்த மின்தடைகளோடு ஒப்பிட்டு அளக்கும் வழியைத் தந்தது. அதைக் கொண்டு வகுக்கப்பட்ட மர்ரே, வார்லி வளையச் சோதனைகள், மண்ணுக்குள்ளோ கடலுக்குள்ளோ கிடக்கும் கம்பியில் எத்தனை தொலைவில் மின்சாரம் நிலத்துக்குக் கசிகிறது என்பதைக் கரையில் இருந்தபடியே கணக்கிட உதவின. பழுதைக் கண்ணால் தேடுவதற்கு முன் அளவால் நெருங்க வேண்டும் என்ற இந்த ஒழுங்கு இன்றைய பழுதுநீக்கப் பணியாளரின் கையிலும் தொடர்கிறது.

குரல் வந்தபோது இழந்தது

பெருந்திரளான மக்களிடம் மின்கருவி வழியாகப் பேசும் வாய்ப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிட்ஹாமும் தங்கள் மேக்னவாக்ஸ் ஒலிபெருக்கியை 1915ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவில் பெருங்கூட்டத்தின் முன் இயக்கிக் காட்டினர். இங்கிலாந்தில் கை ஃபவுண்டன் 1926இல் தொடங்கிய நிறுவனத்தின் டேனாய் ஒலிபெருக்கிகள் பொது அரங்குகளிலும், இரண்டாம் உலகப் போரின்போது விமானப்படைத் தளங்களிலும் பரவின. போர்க்காலத் தொழிற்சாலைகளில் ஒலிபெருக்கிகள் இசைக்கும் அழைப்புகளுக்கும் பயன்பட்டன; 1940இல் பிபிசி தொடங்கிய, வேலை நேர இசைக்கான வானொலி நிகழ்ச்சி தொழிலாளர்களை எட்டியது இவற்றின் வழியாகவே.

பெரிய கட்டடங்களில் நீண்ட கம்பிகளின் வழியே ஒலியாற்றலை அனுப்பும்போது வழியிலேயே பெரும்பங்கு வெப்பமாக வீணாகும் என்பதால், ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டை மின்மாற்றியால் 100 வோல்ட் அளவுக்கு உயர்த்தி அனுப்பி, ஒவ்வோர் ஒலிபெருக்கியிலும் உள்ள சிறு மின்மாற்றியால் மீண்டும் தாழ்த்திக்கொள்ளும் முறை பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் வழக்கமானது. அமெரிக்காவில் இந்த அளவு 70 வோல்ட்டாக இருந்தது. ஒரே கம்பியில் பல ஒலிபெருக்கிகளை அடுத்தடுத்து இணைத்துக்கொண்டே செல்லலாம் என்பது இதன் பெரும் வசதி. ஆனால் இந்த வசதியோடு ஒரு குறையும் சேர்ந்து வந்தது. யாரும் பேசாத நேரத்தில் கம்பியில் எந்த மின்னோட்டமும் ஓடவில்லை. பாதி வழியில் கம்பி அறுந்திருந்தாலும், அடுத்த அறிவிப்பு வரும்வரை எவருக்கும் தெரியாது. தந்திப் பெட்டிகளின் காலத்தில் கற்ற பாடம் குரலின் வருகையோடு கைநழுவிப்போனது. உணவு இடைவேளை அறிவிப்புக்கும் இசைக்கும் இது பெரிய குறையாகத் தோன்றவில்லை. அதே கருவியிடம் உயிர்காக்கும் பணியை ஒப்படைக்க முற்பட்டபோதுதான் இதன் கனம் தெரிந்தது.

மணியோசை போதாது என்ற அறிவு

அப்பணியைக் குரலிடம் ஒப்படைக்கத் தூண்டியவை பெருந்தீ விபத்துகள். நியூயார்க்கில் 1970இல் வானளாவிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் ஏற்பட்ட தீக்குப் பின்னர், 1973ஆம் ஆண்டின் ஐந்தாம் உள்ளூர்ச் சட்டம் உயர்ந்த அலுவலகக் கட்டடங்களில் தீக் கட்டளை நிலையமும் தளங்களோடு பேசும் குரல் தொடர்பும் வேண்டும் என்றது. அனைவரும் ஒரே நேரத்தில் படிகளில் இறங்க இயலாத கட்டடத்தில், எந்தத் தளத்தினர் வெளியேற வேண்டும், எந்தத் தளத்தினர் காத்திருக்க வேண்டும் என்பதை மணியால் சொல்ல முடியாது என்பதே அதன் அடிப்படை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 1977 மே 28 அன்று பெவர்லி ஹில்ஸ் உணவு விடுதியில் நேர்ந்த தீயில் 165 பேர் மாண்டனர். தீ எச்சரிக்கை அமைப்பே இல்லாத அவ்விடுதியில், இளம் பணியாளர் ஒருவர் மேடையேறி ஒலிவாங்கியில் வெளியேறும் வழிகளைச் சொன்னதால் பலர் உயிர்பிழைத்தனர். மான்செஸ்டரில் 1979 மே 8 அன்று உல்வொர்த் கடையில் பத்துப் பேர் உயிரிழந்த தீக்குப் பின், அக்கடையின் உணவகத்தில் இருந்தவர்கள் ஆபத்தை உணர்ந்து உடனே எழாமல் தாமதித்தது மனித நடத்தையை ஆராய்ந்தவர்களின் கவனத்துக்கு வந்தது.

பிரிட்டனில் இவ்வாராய்ச்சியைக் கொள்கையாக மாற்றியது லண்டனின் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத் தீ. 1987 நவம்பர் 18 அன்று மரத்தாலான நகரும் படிக்கட்டின் அடியில் பற்றிய சிறு தீ, கால் மணி நேர அளவில் பயணச்சீட்டு மண்டபத்தைச் சூழ்ந்து 31 பேரைப் பலிகொண்டது. நிலையத்தில் இருந்த அறிவிப்பு ஒலிபெருக்கிகள் அந்நேரத்தில் பயன்படுத்தப்படவில்லை. டெஸ்மண்ட் ஃபென்னெல் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 1988இல் 157 பரிந்துரைகளோடு வெளிவந்தது; தகவல் தொடர்பைச் செம்மைப்படுத்துவதும் அவற்றுள் அடங்கும்.

இதன் தொடர்ச்சியாக கிலென் ப்ரூவும் ஜொனதன் சைமும் நியூகாசில் நகரின் மான்யுமென்ட் சுரங்க ரயில் நிலையத்தில் ஐந்து வெளியேற்றப் பயிற்சிகளை ஆராய்ந்து 1991இல் முடிவுகளை வெளியிட்டனர். மணி மட்டும் ஒலித்த பயிற்சியில் கால் மணி நேரம் நெருங்கிய பின்னும் நிலையம் காலியாகவில்லை. கண்காணிப்புக் கேமராவில் பயணிகளைப் பார்த்தபடியே பொறுப்பாளர் தெளிவான கட்டளைகளை ஒலிபெருக்கியில் சொன்ன பயிற்சியில் ஆறு நிமிடங்களுக்குள் அனைவரும் வெளியேறினர். உண்மையைச் சொன்னால் மக்கள் பீதியடைவர் என்ற பழைய நம்பிக்கையை இம்முடிவு தளர்த்தியது. குரல் உயிரைக் காக்கும் என்பது நிறுவப்பட்ட பின், குரல் தவறினால் உயிர் போகும் என்பதும் தொடர்ந்தது. ஒலிபெருக்கிக் கம்பிக்கும் மணிக்கம்பிக்கு நிகரான கண்காணிப்பு வேண்டும் என்ற கோரிக்கை இந்தப் புரிதலிலிருந்தே வலுப்பெற்றது.

தரநிலைகளின் காலம்

அவசரப் பயன்பாட்டுக்கான ஒலி அமைப்புகளுக்கு அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் 1989இல் ஐஇசி 849 என்ற தரநிலையை வெளியிட்டது. பிரிட்டன் அதை 1991இல் பிஎஸ் 7443 என ஏற்றது. 1998இல் பிஎஸ் 5839 வரிசையின் எட்டாம் பகுதி, குரல்வழி எச்சரிக்கை அமைப்புகளின் வடிவமைப்பு, பொருத்தல், பராமரிப்பு ஆகியவற்றுக்கான நெறிமுறையாக வெளிவந்தது. 2008இல் வந்த ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 54-16 கட்டுப்பாட்டுக் கருவிக்கும், ஈஎன் 54-24 ஒலிபெருக்கிக்கும் உரிய நிபந்தனைகளை வகுத்தன. பொது அறிவிப்புக் கருவி என்ற நிலையிலிருந்து தீப்பாதுகாப்புக் கருவி என்ற நிலைக்கு ஒலிபெருக்கி இவ்வாறு முறைப்படி உயர்ந்தது.

இத்தரநிலைகளின் மையத்தில் இருப்பவை பழுதுகாட்டலுக்கான விதிகள். பழுது ஏற்பட்ட 100 நொடிகளுக்குள் கட்டுப்பாட்டுப் பலகை அதை அறிவிக்க வேண்டும். அறிவிப்பு ஒளியாகவும் ஒலியாகவும் அமைய வேண்டும். பஸர் எனப்படும் அந்த ஒலியைக் கையால் நிறுத்தலாம், ஆனால் புதிய பழுது ஒன்று தோன்றினால் அது மீண்டும் ஒலிக்க வேண்டும். பஸரை நிறுத்தினாலும் பழுது நீங்கும்வரை விளக்கு அணையக் கூடாது. விளக்குகளின் நிறமும் முறைப்படுத்தப்பட்டது: எச்சரிக்கை நிலைக்குச் சிவப்பு, பழுது, முடக்கம், சோதனை ஆகியவற்றுக்கு மஞ்சள், மின்வழங்கல் சீராக இருப்பதற்குப் பச்சை. முடக்கம் என்பது பணியாளர் வேண்டுமென்றே ஒரு பகுதியைச் செயலிழக்க வைத்திருப்பதைக் குறிக்கும். பழுதும் முடக்கமும் ஒரே நிறத்தைப் பெற்றிருப்பதில் பொருள் உண்டு. காரணம் எதுவாயினும், ஒரு பகுதிக்குக் குரல் சென்றடையாது என்ற விளைவு இரண்டிலும் ஒன்றே.

ஒவ்வொரு பழுதும் சொல்லும் செய்தி

பலகையில் தோன்றும் பழுதுகள் அமைப்பின் உறுப்புகளுக்கு ஏற்ப வகைப்படும். முதல் வகை மின்வழங்கலைச் சார்ந்தது. பொது மின்சாரம் நின்றாலும், சார்ஜர் செயலிழந்தாலும், ஃபியூஸ் உருகினாலும், பேட்டரியின் இணைப்பு கழன்றாலும் மின்வழங்கல் பழுது தோன்றும். பொது மின்சாரம் இல்லாத நிலையில் 24 மணி நேரம் காத்திருந்து, அதன் பின்னும் 30 நிமிடங்கள் வெளியேற்ற அறிவிப்பை ஒலிக்கும் அளவுக்குப் பேட்டரி வேண்டும் என்பது பிரிட்டிஷ் நெறிமுறையின் பொதுவான எதிர்பார்ப்பு. முதிர்ந்த பேட்டரி, சுமையில்லாதபோது சரியான வோல்ட்டைக் காட்டிவிட்டு, ஆம்ப்ளிஃபயர்கள் முழுவலிமையில் இயங்கும்போது சரிந்துவிடக்கூடும். அதனால் வோல்ட்டை மட்டும் பார்க்காமல் பேட்டரியின் உள்மின்தடையையும் இடைவெளி விட்டு அளக்கும் ஏற்பாடு பிற்காலக் கருவிகளில் சேர்ந்தது.

இரண்டாம் வகை ஆம்ப்ளிஃபயரைச் சார்ந்தது. ஆம்ப்ளிஃபயர் ஒன்று தவறினால் காத்திருக்கும் மாற்று ஆம்ப்ளிஃபயர் தானாகவே அதன் இடத்தை ஏற்கும்படி பல அமைப்புகள் வடிவமைக்கப்படுகின்றன. அப்போது குரல் வழக்கம்போல் கேட்கும். இசையும் அறிவிப்பும் தடையின்றி ஒலிக்கும். பழுது விளக்கு மட்டும் எரியும். எல்லாம் சரியாக இருக்கும்போது விளக்கு வீணாக எரிகிறது என்று பொறுப்பாளர் எண்ணிவிடும் ஆபத்து இங்கேதான் மிகுதி. மாற்று ஆம்ப்ளிஃபயர் பணியில் இறங்கிவிட்டதால், இனி ஒன்று தவறினால் கைகொடுக்க எதுவும் இல்லை என்பதே அந்த விளக்கின் செய்தி.

மூன்றாம் வகை ஒலிபெருக்கிக் கம்பியைச் சார்ந்தது. பழுதுகாட்டலின் வரலாற்றில் மிகுதியான அறிவுழைப்பைப் பெற்றதும் இதுவே. மூன்று முறைகள் இதற்கு வழக்கத்தில் வந்தன. முதல் முறையில் கம்பியின் கடைசியில் ஒரு மின்தடை வைக்கப்படுகிறது; அதன் வழியே சிறிய நேர்மின்னோட்டம் எப்போதும் ஓடும். ஒலிபெருக்கி ஒவ்வொன்றின் முன்பும் ஒரு மின்தேக்கி இருப்பதால், ஒலிக்கு உரிய மாறுமின்னோட்டம் மட்டும் ஒலிபெருக்கிக்குள் செல்கிறது; நேர்மின்னோட்டம் தடுக்கப்பட்டு, ஈற்று மின்தடை வழியாகவே திரும்புகிறது. ஓட்டம் நின்றால் கம்பி அறுந்திருக்கிறது. அளவுக்கு மீறினால் இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டு ஷார்ட் ஆகியிருக்கின்றன. கேம்வெல் பெட்டிகளின் மூடிய சுற்று, நூறாண்டுகளுக்குப் பின் ஒலிபெருக்கிக் கம்பியில் மீண்டும் உயிர்பெற்றது என்று இதைக் கொள்ளலாம்.

இரண்டாம் முறை பைலட் டோன் எனப்படும் கண்காணிப்புச் சுருதி. மனிதச் செவிக்கு எட்டாத, 20 கிலோஹெர்ட்ஸ் அளவிலான சுருதியை ஆம்ப்ளிஃபயர் வழியாகவே தொடர்ந்து செலுத்தி, அது திரும்பக் கிடைக்கிறதா என்று பார்ப்பதால், கம்பியோடு ஆம்ப்ளிஃபயரும் சேர்த்தே சோதிக்கப்படுகிறது. மூன்றாம் முறையில், கம்பியில் இணைந்த ஒலிபெருக்கிகள் அனைத்தும் சேர்ந்து மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பான இம்பிடன்ஸ் அவ்வப்போது அளக்கப்பட்டு, தொடக்கத்தில் பதிந்துவைத்த அளவோடு ஒப்பிடப்படுகிறது. இம்முறைக்கு ஈற்று மின்தடை தேவையில்லை. ஆயினும் அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கும் சிறு மாற்றத்தை அது பொருட்படுத்துவதில்லை. எனவே ஐம்பது ஒலிபெருக்கிகள் கொண்ட கம்பியில் ஒன்று மட்டும் செயலிழந்தால் பலகை அதை உணராமல் போகலாம். மறுபுறம், புதிய அறைக்கு ஓர் ஒலிபெருக்கியைச் சேர்த்துவிட்டு அளவைப் புதுப்பிக்க மறந்தால், கம்பி நலமாக இருக்கும்போதே பழுது தோன்றும்.

ஈற்று மின்தடை முறைக்கும் எல்லை உண்டு. ஒலிபெருக்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்காமல், நடுவழியில் கிளை பிரித்து இணைத்திருந்தால், கிளைக்கம்பி அறுந்தாலும் முதன்மைக் கம்பியில் மின்னோட்டம் தடையின்றி ஓடும், விளக்கு எரியாது. எனவே கிளை பிரிக்கக் கூடாது என்ற பொருத்துநர்களின் விதி, பழுதுகாட்டியின் பார்வைக்குள் எல்லா ஒலிபெருக்கிகளையும் வைத்திருப்பதற்கான விதியாகும். ஒரே பகுதியில் இரண்டு தனிக் கம்பிகளை ஓடவிட்டு, அடுத்தடுத்த ஒலிபெருக்கிகளை மாற்றி மாற்றி அவற்றில் இணைக்கும் வழக்கமும் இதோடு சேர்ந்து வளர்ந்தது; ஒரு கம்பி தவறினால் மற்றொன்றின் குரல் குறைந்த வலிமையோடாவது அப்பகுதியை எட்டும்.

நான்காம் வகை நிலக்கசிவு, அதாவது எர்த் பழுது. கம்பியின் உறை கிழிந்து உலோகச் சட்டத்தைத் தொட்டாலோ இணைப்புப் பெட்டியில் நீர் புகுந்தாலோ இது தோன்றும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கசிவு இருந்தால் ஒலியில் மாற்றம் ஏதும் இராது. இரண்டாவது கசிவு மற்றொரு கம்பியில் ஏற்படும்போதுதான் இரண்டும் நிலத்தின் வழியே சேர்ந்து ஷார்ட் ஆகி, குரல் அறுந்துபோகும். கேடு இன்னும் நேராத நிலையிலேயே சொல்லப்படும் முன்னறிவிப்பு என்பதால், இவ்விளக்கை உடனே கவனிப்பதற்கான காரணம் வலுவானது.

எஞ்சியவை, குரல் பிறக்கும் இடத்தைச் சார்ந்த பழுதுகள். அவசர ஒலிவாங்கியின் உட்கருவியும் கம்பியும் கண்காணிக்கப்படுகின்றன. முன்பதிவு அறிவிப்புகள் நாடாவில் இருந்த காலத்தில் நாடா தேய்வதையும் அறுவதையும் கேட்டுத்தான் அறிய வேண்டியிருந்தது. அவை மின்னணு நினைவகத்துக்கு மாறிய பின், சேமித்த தரவு சிதையாமல் இருக்கிறதா என்பதைக் கணக்கீட்டால் கருவியே சரிபார்த்துக்கொள்கிறது. கருவியை நடத்தும் செயலி நின்றுபோனால் அமைப்புப் பழுது என்ற தனி விளக்கு எரிகிறது. பிற விளக்குகள் சொல்வதை அப்போது நம்ப இயலாது என்பதால் அது எல்லாவற்றிலும் மேலான எச்சரிக்கை. தீ கண்டறியும் பலகைக்கும் குரல் அமைப்புக்கும் இடையிலான இணைப்பும் கண்காணிப்புக்கு உட்பட்டது. இந்த இணைப்பு அறுந்தால் இரு கருவிகளும் தனித்தனியே நலமாக இருந்தும் தீயின் செய்தி குரலாக மாறாது.

பழுதைத் தேடும் ஒழுங்கு

பழுதை நீக்கும் பணி, பஸரை நிறுத்துவதற்கு முன்பே பலகையைப் படிப்பதில் தொடங்குகிறது. தோன்றியிருக்கும் பழுதுகள் எவை, எந்த வரிசையில் தோன்றின என்பதை நிகழ்வுப் பதிவிலிருந்து குறித்துக்கொள்வது முதல் படி. மின்வழங்கி ஒன்று தவறினால் அதைச் சார்ந்த ஆம்ப்ளிஃபயர்களும் கம்பிகளும் அடுக்கடுக்காகப் பழுது காட்டும்; இருபது பழுதுகளையும் தனித்தனியே துரத்துபவர் காலத்தை இழப்பார், முதலில் தோன்றியதைப் பிடித்தவர் வேரை அடைவார். சில பழுதுகள் காரணம் நீங்கியவுடன் தாமே மறையும். சில, பணியாளர் மீட்டமைக்கும்வரை நிற்கும். மழை நாளில் தோன்றி வெயில் நாளில் மறையும் நிலக்கசிவைப் பதிவேடு இல்லாமல் எவராலும் பிடிக்க இயலாது.

அடுத்த படி, பழுது பலகைக்குள் இருக்கிறதா, கட்டடத்தில் ஓடும் கம்பியில் இருக்கிறதா என்று பிரிப்பது. ஈற்று மின்தடை முறையில் இதற்கான வழி எளியது: கம்பியைப் பலகையிலிருந்து கழற்றிவிட்டு, அதே அளவுள்ள மின்தடையைப் பலகையின் முனையத்திலேயே பொருத்தினால், பழுது மறையும்போது கம்பி குற்றவாளி, மறையாதபோது பலகையே குற்றவாளி. கம்பி என்று தெரிந்தபின் அதை நடுவில் பிரித்து, எந்தப் பாதியில் பழுது என்று பார்த்து, அந்தப் பாதியை மீண்டும் பாதியாக்கிச் செல்வது வழக்கம். அறுபத்து நான்கு ஒலிபெருக்கிகள் கொண்ட கம்பியில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதற்குப் பதிலாக ஆறு முறை பிரித்தாலே இடம் பிடிபடும். நிலக்கசிவைத் தேடும்போது மெகர் எனப்படும் காப்புத்தடை அளவி பயன்படுகிறது. அது நூற்றுக்கணக்கான வோல்ட்டைச் செலுத்துவதால், கம்பியைப் பலகையிலிருந்து முற்றிலும் கழற்றாமல் அதைப் பயன்படுத்தினால் மின்னணுப் பாகங்கள் கருகிவிடும். பணி தொடங்குமுன் கட்டடப் பொறுப்பாளருக்குச் சொல்வதும், எந்தப் பகுதிக்குக் குரல் எட்டாது என்பதை அறிந்து அங்கே மாற்று ஏற்பாடு செய்வதும், முடிந்தபின் அப்பகுதியில் அறிவிப்பை ஒலித்துச் செவியால் கேட்டு உறுதிசெய்வதும் இவ்வொழுங்கின் பிரிக்க முடியாத உறுப்புகள்.

விளக்கின் எல்லையும் மனிதரின் பொறுப்பும்

பழுதுகாட்டியால் சொல்ல முடியாதவையும் உண்டு. கம்பி நலம், ஆம்ப்ளிஃபயர் நலம் என்று அது உறுதிகூறலாம். எதிரொலி மிகுந்த மண்டபத்தில் சொற்கள் புரிகின்றனவா என்பதை அது அறியாது. அதற்கான அளவுகோலை நெதர்லாந்தின் டிஎன்ஓ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஹவுட்காஸ்ட், ஸ்டீனெகன் இருவரும் 1970களில் வகுத்தனர். பேச்சுத் தெளிவைப் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் மதிப்பிடும் அக்குறியீட்டில் 0.5 என்பது அவசர அறிவிப்புகளுக்கான இலக்காகப் பரவலாக ஏற்கப்பட்டது. பின்னாளில் அறையின் கூரையோ தரைவிரிப்போ மாறினால் தெளிவு குறையக்கூடும். அப்போதும் பலகையில் பச்சை விளக்கே எரியும்.

ஓரிடத்தின் சேதம் முழு அமைப்பையும் ஊமையாக்கும் ஆபத்தும் உண்டு. 1993 பிப்ரவரி 26 அன்று நியூயார்க் உலக வணிக மையத்தின் அடித்தளத்தில் நடந்த குண்டுவெடிப்பு, மின்சாரத்தோடு அறிவிப்பு அமைப்பையும் செயலிழக்கச் செய்ததால், கோபுரங்களில் இருந்தவர்கள் வழிகாட்டல் இன்றி மணிக்கணக்கில் புகை சூழ்ந்த படிகளில் இறங்க நேர்ந்தது. அதன்பின் பாதுகாப்பு ஏற்பாடுகள் வலுப்படுத்தப்பட்டன. ஆயினும் 2001 செப்டம்பர் 11 அன்று வடக்குக் கோபுரத்தின் முகப்பு மண்டபத்திலிருந்து சொல்லப்பட்ட வெளியேற்ற அறிவிப்பு, விமானம் மோதியதில் அமைப்பு சேதமுற்றிருந்ததால் தளங்களில் இருந்த பலரைச் சென்றடையவில்லை. அறிவித்துவிட்டோம் என்பதற்கும் அறிவிப்பு சேர்ந்துவிட்டது என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை இதைவிடக் கடுமையாக எந்த நிகழ்வும் காட்டவில்லை.

கருவி தன் பணியைச் செய்தும் மனிதர் அதைத் தடுத்த நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் வெடித்து 11 பேரைப் பலிகொண்ட டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடையில், உறங்குவோரைப் பொய்யான எச்சரிக்கைகள் நள்ளிரவில் எழுப்பக் கூடாது என்பதற்காகப் பொது எச்சரிக்கையின் தானியங்கிச் செயல்பாடு முடக்கி வைக்கப்பட்டிருந்தது என்று விசாரணையில் சாட்சியம் அளிக்கப்பட்டது. முடக்கத்துக்கும் மஞ்சள் விளக்கையே ஒதுக்கிய தரநிலையின் நியாயம் இத்தகைய நிகழ்வுகளின் முன் தெளிவாகிறது.

வாராந்தரச் சோதனை, ஆறு மாதத்துக்கு மிகாத இடைவெளியில் தேர்ந்த பணியாளரின் பராமரிப்பு, ஒவ்வொரு பழுதையும் அதன் தீர்வையும் எழுதிவைக்கும் பதிவேடு ஆகியவற்றைப் பிரிட்டிஷ் நெறிமுறை வலியுறுத்துவது இதனாலேயே. தந்திப் பெட்டிகளின் அமைப்பிலும் கம்பியைக் காத்தது மின்னோட்டம் மட்டுமன்று. அந்த ஓட்டம் நின்றதைக் கண்டு ஆளனுப்பிக் கம்பியைச் செப்பனிட்ட அலுவலகமும் அதில் பாதி. பின்வந்த காலத்தில் பழுதைக் கண்டறியும் பகுதி கருவியின் பொறுப்பாகி, 100 நொடிக்குள் முடிந்துவிடுகிறது. பழுதுக்குச் செவிசாய்த்துச் செயலாற்றும் பகுதி இன்னும் மனிதரிடமே உள்ளது. எனவே குரல்வழி எச்சரிக்கை அமைப்பு ஒன்று நம்பத்தக்கதா என்று அறிய விரும்புபவர், அதன் விலையையோ ஒலியின் வலிமையையோ கேட்பதற்கு முன், கடைசியாக எரிந்த மஞ்சள் விளக்குக்கும் அதை அணைத்த பழுதுநீக்கப் பணிக்கும் இடையில் எத்தனை நாள் கழிந்தது என்பதை அதன் பதிவேட்டில் பார்ப்பதே பொருத்தமாகும்.